சைக்கிளைவிட்டு இறங்காத உரிமை



மாலை நேரத்தில் வீட்டு வாசலிலோ, கடைத்தெருவிலோ, கோயில் திடலிலோ நாலு பேர் கூடினால் என்ன பேசுகிறோம்? புதிதாக வந்திருக்கும் கைத்தொலைபேசியைப் பற்றிப் பேசுகிறோம். தேர்தலைப் பற்றிப் பேசுகிறோம். “இப்படியும் ஒரு சட்டமா?” என்று அங்கலாய்த்துக்கொள்கிறோம். கடைசியில், “சரி, நாம் பேசி என்ன ஆகப்போகிறது?” என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிறோம்.

நாம் பேசி என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு நம் தோட்டப்புற வராலாற்றிலேயே விடை இருக்கிறது. அந்த விடை ஒரு சைக்கிளோடு சம்பந்தப்பட்டது. அதைத்தான் இன்றைய உரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1941ஆம் ஆண்டு. சிலாங்கூர் மாநிலத்தில், கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அப்போது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள் பத்துக்கும் மேற்பட்டவை. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் வேண்டும். பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று வேலை வாங்குவது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். நல்ல மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் மேலதிகாரிகள் முறைகேடாக நடந்துகொள்வது ஒழிய வேண்டும். பேசவும் கூட்டம் கூடவும் உரிமை வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும். சங்கம் அமைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். குறைகளை எடுத்துச் சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது.

இத்தனைக்கும் நடுவே இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரைமார்களும் தோட்டத்து அலுவலர்களும் எதிரே வரும்போது, தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்காமல் போக அனுமதிக்க வேண்டும் என்பதே அது.

சம்பளம், பள்ளிக்கூடம், மருந்து என்ற பெரிய விஷயங்களுக்கு நடுவில் சைக்கிள் எப்படி வந்தது? இன்று இந்தப் பட்டியலைப் பார்க்கும் பிள்ளைகள் சிரிக்கக்கூடும். “இதெல்லாம் ஒரு கோரிக்கையா?” என்று கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்கள் அந்தக் காலத்துத் தோட்டம் எப்படி இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரப்பர் மரம் நம் நாட்டு மரமன்று. தென் அமெரிக்காவிலிருந்து விதையாக இலண்டனுக்குப் போய், அங்கிருந்து 1877இல் கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. அவற்றின் சக்கரங்களுக்கு ரப்பர் வேண்டியிருந்தது. அதற்காக மலாயாவில் காடு அழிந்து தோட்டம் எழுந்தது. அந்தத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். 1910இல் அந்த முறை ஒழிக்கப்பட்ட பிறகு கங்காணிகள் மூலமாக வந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கியவர்கள்தாம் நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார்.

தோட்டம் என்பது தனி உலகம். வேலை கொடுப்பவர் துரை. குடியிருக்கும் லயமும் துரையினுடையது. போகும் சாலையும் துரையினுடையது. நோய் வந்தால் தோட்டத்து மருந்தகம். பிள்ளைக்குப் படிப்பென்றால் தோட்டத்துப் பள்ளிக்கூடம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று சொன்னது. ஆனால், அந்தப் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது என்பதைப் பழைய தலைமுறையைக் கேட்டால் தெரியும். பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர். அந்த ஆசிரியரே சில தோட்டங்களில் கிராணி வேலையும் பார்த்தார்.

விடியுமுன்னே பெரட்டு. பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு நிரையில் இறங்கி மரம் சீவ வேண்டும். தொழிலாளிக்கு மேலே மண்டோர், அவருக்கு மேலே கங்காணி, கிராணி, சின்னத்துரை, எல்லாருக்கும் மேலே பெரிய துரை. ஒவ்வொரு படியிலும் இருப்பவர் தமக்குக் கீழே இருப்பவரிடம் பணிவை எதிர்பார்த்தார். தலைப்பாகையை எடு, செருப்பைக் கழற்று, குடையை மடக்கு, ஒதுங்கி நில் என்பவையெல்லாம் அன்றாட வழக்கங்கள். இந்த வழக்கங்கள் தொழிலாளர் சட்டத்தில் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. ஆனால், சட்டத்தைவிட இறுக்கமாக அவை மனிதரைக் கட்டி வைத்திருந்தன.

இப்படிப்பட்ட உலகத்துக்குள்தான் சைக்கிள் வந்தது.

சைக்கிள் ஒரு புதுமையான இயந்திரம். அதற்கு எண்ணெய் வேண்டாம், தீனி வேண்டாம். ஒரு முறை வாங்கிவிட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். முதலில் கிராணிமாரும் ஆசிரியர்களும் வைத்திருந்தார்கள். 1930களில் ஜப்பானிலிருந்து மலிவான சைக்கிள்கள் மலாயாவில் வந்து இறங்கின. அதன் பிறகு சாதாரணக் குடும்பங்களும் காசு சேர்த்து வாங்க முடிந்தது.

சைக்கிள் வந்ததும் என்ன மாறியது? தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் இடையே இருந்த தூரம் குறைந்தது. முன்பு அரை நாள் நடந்து போய்வர வேண்டிய ஊருக்கு ஒரு மணி நேரத்தில் போய்வரலாம். தோட்டத்துக் கடையில் சொன்ன விலைக்கே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது. பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரரைப் பார்த்து வரலாம். அங்கே என்ன சம்பளம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டணத்திலிருந்து ஒரு பத்திரிகை வாங்கி வரலாம்.

1924இல் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ தொடங்கப்பட்டது. 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். ஒரு லயத்துக்கு ஒரே ஒரு பத்திரிகை வந்தாலும் போதும். எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள். கேட்டவர்கள் மறுநாள் பால் எடுக்கும்போது பக்கத்து நிரைக்காரரிடம் சொல்வார்கள். இந்தியாவில் சுதந்திரப் போராட்டம் நடக்கிறது என்பதும், பெரியார் 1929இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து சுயமரியாதையைப் பற்றிப் பேசினார் என்பதும், நேரு 1937இல் இங்கு வந்து போனார் என்பதும் இப்படித்தான் தோட்டங்களுக்குப் பரவின. அந்தச் செய்திகளைக் கேட்ட மக்களுக்குள் ஒரு கருத்து உருவாயிற்று: “நாமும் மனிதர்கள்தானே?”

இனி அந்தச் சாலைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். செம்மண் சாலையில் ஒரு தொழிலாளி சைக்கிளில் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை, வேலை நேரமன்று. சைக்கிள் அவருடைய சொந்தக் காசில் வாங்கியது. முன்னால் அவருடைய பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. எதிரே துரை வருகிறார். உடனே தொழிலாளி இறங்க வேண்டும். வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். துரை கடந்து போன பிறகுதான் ஏற வேண்டும். துரைக்கு மட்டுமன்று, அலுவலகத்தில் வேலை பார்க்கும் நம்மவருக்கும் இறங்க வேண்டும். இதையெல்லாம் அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

மரியாதை கொடுப்பது நம் பண்பாடு. பெரியவர் வந்தால் எழுந்து நிற்கிறோம். ஆசிரியரைக் கண்டால் வணங்குகிறோம். அது நாமாக மனமுவந்து செய்வது. இறங்காவிட்டால் வேலை போகும், வீடு போகும் என்ற அச்சத்தில் இறங்குவதை மரியாதை என்று சொல்ல முடியுமா? சைக்கிள் என்ற இயந்திரம் தொழிலாளியின் கால்களுக்கு வேகம் கொடுத்தது. ஆனால், அவருடைய நிலையை அதனால் மட்டும் உயர்த்த முடியவில்லை. புதிய இயந்திரம் வந்தும் பழைய வழக்கம் அப்படியே இருந்தது. இந்தக் கோரிக்கையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இந்த மனக்குறை 1941இல் திடீரென்று முளைத்ததில்லை. அது பல ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்தது. 1930ஐ ஒட்டி உலகமெங்கும் பொருளாதார மந்தம் வந்தபோது ரப்பர் விலை விழுந்தது. சம்பளம் குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு விலை ஏறியது. ஆனால் ஏறிய வேகத்தில் சம்பளம் ஏறவில்லை. இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி வந்து தோட்டங்களைப் பார்வையிட்டு 1937இல் அறிக்கை தந்தார். 1936இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் அமைந்தது. 1938 ஜூன் மாதத்தில், உதவிப் பணத்தில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது.

இந்தத் தடை முக்கியமானது. அதற்கு முன்பெல்லாம், “உனக்குப் பிடிக்கவில்லை என்றால் போ, அடுத்த கப்பலில் வேறு ஆள் வரும்” என்று சொல்ல முடிந்தது. 1938க்குப் பிறகு அப்படிச் சொல்வது கடினமாயிற்று. அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் போர் மூண்டது. போருக்கு ரப்பர் தேவைப்பட்டது. விலை உயர்ந்தது. தோட்டக் கம்பெனிகளுக்கு நல்ல வருமானம் வந்தது. ஆனால், கிள்ளான் வட்டாரத்தில் நம் ஆண் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 50 காசு. பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளிக்கு அதைக் காட்டிலும் மிகுதியான கூலி கிடைத்தது. அரிசி விலையும் துணி விலையும் ஏறிக்கொண்டிருந்தன. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் போகவில்லை. பத்திரிகை படித்தார்கள், பக்கத்துத் தோட்டத்தை விசாரித்தார்கள், கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

அப்போது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவராக இருந்தவர் ஆர். எச். நாதன். இவர் ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய பத்திரிகையாளர். தோட்டத்துத் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டு, அவற்றைக் கோரிக்கைகளாக்கி, நிர்வாகங்களின் முன்னே வைப்பதில் இவரும் இவருடைய தோழர்களும் ஈடுபட்டார்கள். லயத்து வாசலில் முணுமுணுப்பாக இருந்த பேச்சு, தாளில் எழுதிய கோரிக்கையாக மாறியது.

நேயர்களே, இந்த மாற்றத்தைக் கவனியுங்கள். ஒருவர் தனியாகச் சொன்னால் அது புலம்பல். பலர் சேர்ந்து, இன்னது வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தால் அது கோரிக்கை. புலம்பலைக் கேட்காதவர்போல் கடந்து போய்விடலாம். கோரிக்கைக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும்.

1941இன் தொடக்க மாதங்களில் வேலை நிறுத்தங்கள் தோட்டம் தோட்டமாகப் பரவின. முதலில் தோட்ட முதலாளிகள் ஐந்து காசு கூட்டித் தர முன்வந்தார்கள். தொழிலாளர்கள் அதை ஏற்கவில்லை. பல தோட்டங்களில் ஆணுக்கு 60 காசு என்ற அளவுக்குச் சம்பளம் உயர்ந்தது. அதோடு கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஏனென்றால் கேட்டது காசு மட்டுமன்று. பேச உரிமை, கூட உரிமை, சங்கம் வைக்க உரிமை, சைக்கிளைவிட்டு இறங்காமல் போக உரிமை ஆகியவற்றுக்குப் பதில் வரவில்லை.

எதிர்த் தரப்பின் எண்ணத்தையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பிரிட்டன் அப்போது ஜெர்மனியோடு போரிட்டுக்கொண்டிருந்தது. மலாயாவின் ரப்பரும் ஈயமும் பிரிட்டனுக்கு உயிர்நாடி. அவற்றை விற்றுத்தான் அமெரிக்க டாலர் ஈட்ட முடிந்தது. போர்க் காலத்தில் வேலை நிறுத்தமா என்று அதிகாரிகள் கேட்டார்கள். தொழிலாளர்களைப் பட்டணத்துக்காரர்கள் தூண்டிவிடுகிறார்கள் என்று துரைமார் சொன்னார்கள். தொழிலாளிக்கென்று சொந்தக் கருத்து இருக்கும் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. ஆனால், சைக்கிளைப் பற்றிய கோரிக்கையைப் படித்தாலே உண்மை விளங்கும். அது வெளியிலிருந்து எவரும் சொல்லிக் கொடுத்ததாக இருக்க முடியாது. செம்மண் சாலையில் இறங்கி நின்று அவமானப்பட்டவருக்குத்தான் அது தோன்றும்.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கச் சொல்லித் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். கிள்ளானில் தொடங்கியது சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பலர் காயமுற்றார்கள், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இன்னும் பலர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தோட்டங்களில் மீண்டும் பெரட்டு மணி அடித்தது. பார்த்தவர்களுக்கு எல்லாம் தோற்றுப்போனதாகவே பட்டிருக்கும்.

அந்த ஆண்டு முடிவதற்குள் வரலாறு வேறொரு காட்சியைக் காட்டியது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அந்தப் படையினரில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் வந்தார்கள். தோட்டத்துச் சாலைகளின் வழியாகவே வந்தார்கள். சக்கரம் பஞ்சரானால் ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்திலேயே மிதித்தார்கள். யார் எதிரே வந்தாலும் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்று கட்டளையிட்ட துரைமார் தோட்டங்களை விட்டுத் தெற்கே போனார்கள். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

ஆனால், அது நமக்கு விடுதலையாக அமையவில்லை. புதிய ஆட்சியின் கீழும் நம் மக்கள் தலை குனிய வேண்டியிருந்தது. ஜப்பானியச் சிப்பாயைக் கண்டால் குனிந்து வணங்காதவர் அறை வாங்கினார். தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெருந்தொகையானோர் திரும்பி வரவேயில்லை. ஓர் எஜமானர் போய் வேறோர் எஜமானர் வந்தால் மட்டும் மனிதருக்கு மரியாதை வந்துவிடாது என்பதை நம் மக்கள் மிகப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

அப்படியானால் மரியாதை எப்படி வந்தது? மெதுவாக வந்தது. சட்டத்தின் வழியாகவும், சங்கத்தின் வழியாகவும், வாக்குச்சீட்டின் வழியாகவும் வந்தது. 1941இல் சுட்டு அடக்கப்பட்ட அந்தக் கோரிக்கைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எப்போது நிறைவேறியது என்று பார்ப்போம்.

சங்கம் வேண்டும் என்றார்கள். போருக்குப் பிறகு தோட்டப்புறங்களில் பல சங்கங்கள் தோன்றின. 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. சம்பளத்தைப் பற்றி முதலாளிகளோடு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் நிலை வந்தது. 1941இல் நின்றுகொண்டு கேட்டதை, இப்போது நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்கள்.

பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது என்றார்கள். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்றும் விதித்தது.

பேசவும் கூடவும் உரிமை வேண்டும் என்றார்கள். 1957இல் நாடு சுதந்திரம் பெற்றபோது, கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆம் விதி குடிமக்களுக்குப் பேச்சுரிமையையும், அமைதியாகக் கூடும் உரிமையையும், சங்கம் அமைக்கும் உரிமையையும் வழங்கியது. நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் இவற்றுக்கு வரம்பு விதிக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. வரம்பு எங்கே இருக்க வேண்டும் என்பது இன்றைக்கும் நாட்டில் நடந்துகொண்டிருக்கும் வாதம்.

பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்றார்கள். தோட்டத்துக் கொட்டகைகளில் நடந்த தமிழ்ப்பள்ளிகள் சுதந்திரத்தின்போது நாட்டின் கல்வி முறைக்குள் சேர்ந்தன. இன்று நாடு முழுதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன.

பெண்களிடம் முறைகேடாக நடப்பது ஒழிய வேண்டும் என்றார்கள். இதற்குத்தான் மிக நீண்ட காலம் பிடித்தது. வேலையிடத்தில் பாலியல் தொல்லையைப் பற்றிய பிரிவு வேலைச் சட்டத்தில் 2012இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கென்று தனிச் சட்டம் 2022இல் வந்தது. 1941இல் படிப்பறிவில்லாத தாய்மார்கள் எந்தக் குறையைச் சொல்லி அழுதார்களோ, அதை நாட்டின் சட்டம் பேர் சொல்லிக் குறிப்பிடுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அந்தத் தாய்மார்கள் காலத்துக்கு முந்தியவர்கள் என்று இன்று சொல்லலாம். அன்று அவர்களுக்கு அது வெறும் அன்றாட வேதனை.

நியாயமான சம்பளம் வேண்டும் என்றார்கள். நாடு தழுவிய குறைந்தபட்சச் சம்பளம் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. தீபகற்ப மலேசியாவில் அது அப்போது மாதம் 900 வெள்ளி. 2025இல் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. போதுமா, போதாதா என்று நாம் வாதாடலாம். ஆனால், சம்பளத்துக்கு ஒரு தரைமட்டம் உண்டு, அதற்குக் கீழே போகக் கூடாது என்ற கொள்கை சட்டத்தில் இடம் பெற்றுவிட்டது.

சைக்கிள் என்னவாயிற்று? அதற்கென்று எந்தச் சட்டமும் இயற்றப்படவில்லை. எந்தத் தேதியில் அந்த வழக்கம் ஒழிந்தது என்று குறித்து வைத்தாரும் இல்லை. சங்கம் வந்தது, சட்டம் வந்தது, ஓட்டுரிமை வந்தது. துரைக்கும் தொழிலாளிக்கும் ஒரே ஓட்டு என்று ஆனது. இவையெல்லாம் வந்த பிறகு, சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்துக்குக் கால் ஊன்ற இடமில்லாமல் போயிற்று. பிறகு சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது. இன்று அந்தக் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்தில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் பட்டணத்து அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். எஞ்சியிருக்கும் தோட்டங்களில், வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள் நம்மவரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். நம் பாட்டன்மார் எந்த நிலையில் வந்தார்களோ, அதே நிலையில் வந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதையும் இந்த வரலாற்றைக் கேட்டவர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் இறங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், இன்னொருவரை இறங்கி நிற்கச் சொல்லலாமா?

கடைசியாக, தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். அன்று சைக்கிள், இன்று நம் கையிலே கைத்தொலைபேசி. அன்று ஒரு செய்தி லயத்துக்கு வந்து சேர ஒரு நாள் ஆயிற்று. இன்று ஒரு நொடியில் உலகத்தைச் சுற்றி வருகிறது. ஒவ்வொருவரும் தம் கருத்தைச் சொல்கிறோம், கண்டதைப் பகிர்கிறோம், கோபத்தைக் கொட்டுகிறோம். இது நல்ல வசதிதான். ஆனால், சைக்கிளின் கதையை மறந்துவிடக் கூடாது. கருவி வேகத்தைத் தரும். மரியாதையை அது தானாகத் தந்துவிடாது. அதற்கு மனிதர்கள் கூடி உழைக்க வேண்டும்.

1941இன் தொழிலாளர்களிடமிருந்து மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்ளலாம். முதலாவது, அவர்கள் விவரம் தெரிந்து பேசினார்கள். பக்கத்துத் தோட்டத்தில் என்ன கூலி, சீனத் தொழிலாளிக்கு எவ்வளவு என்று விசாரித்துவிட்டுத்தான் கேட்டார்கள். இன்று கையில் வந்த செய்தி உண்மையா என்று பார்க்காமல் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டால் நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது. அது சட்டத்திலும் கொண்டுபோய் மாட்டிவிடும். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ், பொய்யும் மிரட்டலுமான செய்திகளைக் கெட்ட நோக்கத்தோடு அனுப்புவோர்மீது வழக்குத் தொடர முடியும். கைத்தொலைபேசியில் எழுதுவது திண்ணைப் பேச்சுப் போலக் காற்றோடு போவதில்லை. அது எழுத்தாக நிற்கிறது.

இரண்டாவது, அவர்கள் திட்டிவிட்டு எழுந்து போகவில்லை. இன்னது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் சம்பளச் சீட்டில் குறை இருக்கிறதா? சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சங்கத்திடமோ, தொழிலாளர் இலாகாவிடமோ எழுத்தில் புகார் கொடுங்கள். குடியிருப்பில் தண்ணீர் வரவில்லையா? பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே மனுவாகக் கொடுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பாருங்கள். பதில் வரும் வரை விடாதீர்கள்.

மூன்றாவது, அவர்கள் வயிற்றுக்காக மட்டும் கேட்கவில்லை, மானத்துக்காகவும் கேட்டார்கள். சம்பளப் பட்டியலோடு சைக்கிளையும் சேர்த்து எழுதிய அந்தக் கை, மனிதருக்குச் சோறும் வேண்டும், நிமிர்ந்து போகும் சாலையும் வேண்டும் என்று தெரிந்த கை. அப்படிக் கேட்டதனால் உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். நாடு கடத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய பேர்கூட நமக்குத் தெரியாது.

இன்று மாலை உங்கள் பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போகும்போது, இந்தக் கதையை அதற்குச் சொல்லுங்கள். எதிரே யார் வந்தாலும் அது இறங்க வேண்டியதில்லை. பெரியவர் வந்தால் ஒரு வணக்கம் சொன்னால் போதும். அந்த வணக்கமும் அதன் மனத்திலிருந்து வரட்டும்.